நேர்ந்துவிட்ட சேவல்

பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தின் பின்வாசலில் குஞ்சுப் பெட்டிகள் வந்திறங்கும் காலைகளில் இனி நீங்கள்தாம் நிற்பீர்கள். விளக்கின் சூடு எவ்வளவு இருக்க வேண்டும், எந்த வயதில் நோய்த்தடுப்புச் சொட்டு மருந்து விட வேண்டும் என்பதையெல்லாம் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லிவிட்டார்கள். அவற்றோடு நான் சேர்க்க வேண்டியது ஒன்றுமில்லை. வீட்டுப் புறக்கடையில் நாலு கோழி வளர்த்து, அதை ஒரு குடும்பத்துக்குக் கைகொடுக்கும் வருமானமாக ஆக்குவது நம் வேலை. அதில் என் பணிக்காலம் முழுவதையும் கழித்தவள் என்ற உரிமையில், பயிற்சியில் சொல்லித்தர இயலாத இரண்டு சம்பவங்களை எழுதுகிறேன். முதலாவது சிறியது. அது தெரியாமல் இரண்டாவது விளங்காது.

நான் வேலையில் சேர்ந்த புதிதில், கிள்ளானுக்குக் குஞ்சுகளை வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். கூட்டரசு நெடுஞ்சாலையில் ஒரு லோரி கவிழ்ந்து கிடந்தது. வெயிலில் வேன் நகராமல் நின்றது. ஊர் போய்ச் சேர்ந்து பெட்டிகளைத் திறந்தபோது, மஞ்சள் பஞ்சுபோல் கிடந்தவற்றில் பாதி அசையவில்லை. குஞ்சு வாங்கக் கூடியிருந்த பெண்களின் முகத்தைப் பார்க்க முடியாமல், செத்தவற்றைப் பொறுக்கி ஒரு பையில் போட ஆரம்பித்தேன். அப்போது எங்கள் பிரிவுத் தலைவராக இருந்தவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"செத்தது எங்கயும் ஓடிப்போகாது. உயிரோட இருக்கிறத முதல்ல பாரும்மா."

குந்தி உட்கார்ந்து, மூச்சிரைத்துக்கொண்டிருந்த குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அலகைத் தண்ணீரில் நனைத்து நிழலில் விட்டார். நாங்களும் செய்தோம். பல பிழைத்தன. பின்னர் அதையே அவர் எங்களுக்கு விதியாக்கினார்: நோய் வந்த ஊருக்குள் நுழைந்தால், நோயில்லாத வீட்டுக்கு முதலில் போ, நோய் உள்ள வீட்டுக்குக் கடைசியில் போ. நம் செருப்பும் கையும் நோயைச் சுமக்கும் என்பதால் இந்த ஒழுங்கு. இன்றைக்கும் இதைவிட நல்ல விதியை நான் அறியேன். கோழிகளைப் பொறுத்தவரை அது பொய்த்ததில்லை.

இனி இரண்டாவது சம்பவம்.

கேரித்தீவில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்று. அதன் ஓரத்தில், தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டி மிச்சமிருந்த பழைய லயன் வீடுகளில் ஐந்து குடும்பங்கள் நம் திட்டத்தில் சேர்ந்திருந்தன. வீடுகளுக்குப் பின்னால் பொதுவான நீண்ட புறக்கடை. அதைத் தாண்டினால் கால்வாயும் செம்பனையும்தான். உடும்பும் மலைப்பாம்பும் வந்துபோகும் இடம். அங்கே கோழி வளர்த்துக் கரைசேர்ப்பது எளிதல்ல. அதைச் செய்து காட்டியவர் சரசு அக்கா.

அவர் கணவர் ராமசாமி அண்ணன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். சர்க்கரை நோய் முற்றிக் காலில் புண் ஆறாமல் போனபிறகு லோரியை விட்டுவிட்டார். நாம் கொடுத்த குஞ்சுகளிலிருந்து சரசு அக்கா ஒரு மந்தையையே உருவாக்கினார். முட்டையை விற்பதைவிட அடைக்கு வைப்பதில்தான் அவர் கவனம் இருந்தது. அடைக்கோழியைப் பக்கத்து வீட்டாருக்கு இரவல் தருவார். பொரித்த குஞ்சுகளில் பாதியை வாங்கிக்கொள்வார். இப்படி அந்த வரிசை முழுவதும் அவர் கோழிகளின் வாரிசுகளே மேய்ந்தன. "இந்த லயத்துக் கோழி எல்லாம் எனக்குப் பேரப்புள்ளைங்க மிஸ்," என்பார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தப் பேச்சில் சிரிப்பு மட்டுமே இருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அண்ணனின் கால் கறுக்கத் தொடங்கிக் கிள்ளான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்த வாரத்தில் சரசு அக்கா தன்னிடமிருந்த சேவல்களில் சிறந்ததைத் தோட்டத்து முனீஸ்வரருக்கு நேர்ந்துவிட்டார். சந்தனச் சிவப்பில், வால் வளைந்து தொங்கும் சேவல். அதன் காலில் மஞ்சள் துணி கட்டிவிட்டால் பிறகு அதை யாரும் பிடிப்பதில்லை, அடைப்பதில்லை, விரட்டுவதில்லை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் இரை போட வேண்டும். பூசை நாளில் பூசாரிதான் அதன்மேல் முதலில் கைவைப்பார். நானும் அந்த வழக்கத்தில் வளர்ந்தவள்தான். ஆனாலும் அப்படி ஒரு சேவல் அங்கே உலவுவது எனக்குத் தெரியாது. அது நேர்ந்துவிடப்பட்ட பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. இரண்டாம் சொட்டு மருந்தை இளம் ஊழியர் ஒருவர் போய் விட்டுவந்தார். அன்று பூட்டிக்கிடந்த கடைசி வீட்டைத் தவிர, மற்ற வீட்டார் கோழிகளை எல்லாம் அவரிடம் பிடித்துக் கொடுத்தார்கள். அந்தச் சேவலை மட்டும் யாரும் பிடிக்கவில்லை.

ஒரு காலை, லயத்தின் முதல் வீட்டு லெட்சுமி அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல்செய்தி வந்தது.

"மிஸ், கடைசி வீட்டுல கோழிங்க தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது. பச்சையா கழியுது. ரெண்டு செத்தும் போச்சு. வந்து பாருங்க லா."

கழிச்சல் நோய் என்பதில் எனக்கு ஐயமில்லை. கால்நடை அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு, எல்லாக் கோழிகளையும் உடனே கூட்டில் அடைக்கச் சொன்னேன். "அடைச்சாச்சு மிஸ்" என்று பதில் வந்தது. மருந்து விட்ட பெரிய கோழிகளைப்பற்றி எனக்கு அவ்வளவு அச்சமில்லை. லெட்சுமி அக்கா வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் அப்போதுதான் பொரித்திருந்த குஞ்சுகள் இருந்தன. அவற்றுக்கு இன்னும் மருந்து விடவில்லை. தீபாவளிக்கு விற்க அந்தக் குடும்பங்கள் நம்பியிருந்தவை அவை.

விதிப்படி நோயில்லாத முதல் வீட்டில் தொடங்கினேன். செருப்பை மருந்துத் தண்ணீரில் நனைத்துவிட்டுக் குஞ்சுகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, என் கால்களுக்கு நடுவே ஏதோ உரசிக்கொண்டு போயிற்று. சந்தனச் சிவப்புச் சேவல். ஒரு இறக்கை தாழ்ந்திருந்தது. கழுத்து மெல்ல ஒருபக்கம் திருகி, நிமிர்ந்து, மறுபடி திருகியது. அது நேரே குஞ்சுகளின் தண்ணீர்த் தட்டை நோக்கி நடந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டேன்.

"அக்கா, இது என்ன?"

"இதுவா? சரசு நேர்ந்துவிட்டது. எங்க வீட்டு மாப்பிள்ளை மாதிரி மிஸ். வரும், சாப்பிடும், போகும். ஒரு வார்த்தை கேக்க முடியாது."

"எல்லாத்தையும் அடைச்சாச்சுன்னு சொன்னீங்களே?"

"கோழிய எல்லாம் அடைச்சாச்சு. இது சாமியோடது மிஸ். இத எப்படி அடைக்கிறது?"

அவர் எதையும் மறைக்கவில்லை. ஐந்து வீட்டாரும் நான் சொன்னதை ஒழுங்காகச் செய்திருந்தார்கள். அவர்கள் மனத்தில் அந்தச் சேவல் கோழிகளின் கணக்கில் இல்லை, அவ்வளவே. நான் வீடுகளின் வரிசையைப் பார்த்து ஒழுங்காக அடியெடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். கடைசி வீட்டுக்கும் முதல் வீட்டுக்கும் நடுவில் அது தன் விருப்பப்படி நடந்துகொண்டிருந்தது.

அன்றே அதைக் கொன்று ஆழப் புதைக்க வேண்டும். அதில் எனக்குக் குழப்பமில்லை. ஆனால் அன்றைக்குத்தான் ராமசாமி அண்ணனின் காலை அறுத்து எடுக்கிறார்கள். சரசு அக்கா விடியலிலேயே பஸ் பிடித்துக் கிள்ளானுக்குப் போயிருந்தார்.

லெட்சுமி அக்கா என்னைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவ இல்லாதப்பவே முடிச்சிடுங்க மிஸ். மலைப்பாம்பு இழுத்துக்கிட்டுப் போச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். போன மாசம்தான் என் பெட்டைக்கோழிய முழுங்குச்சு. யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

அந்த யோசனையை நான் உடனே தள்ளிவிடவில்லை. அது கருணையிலிருந்து வந்தது. ஆனால் நேர்ந்துவிட்ட சேவலைப் பாம்பு கொண்டுபோயிற்று என்ற செய்தி, அறுவை அறைக்கு வெளியே காத்திருக்கும் மனைவியிடம் எப்படிப் போய்ச் சேரும் என்று எண்ணிப் பார்த்தேன். சாமியே மறுத்துவிட்டதாகத்தான் அவர் எடுத்துக்கொள்வார். நாம் சொன்னால் அது நம் முடிவு. கோபப்பட ஆள் இருக்கும். பொய் சொன்னால் அவருக்குக் கோபப்படக்கூட ஆள் இருக்காது.

லெட்சுமி அக்காவும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் நானும் பூசாரியைத் தேடிப் போனோம். தோட்டத்தில் வேலையாட்களைக் கண்காணிக்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர், அலங்காரமில்லாத பேச்சுக்காரர். கோயில் வாசலைக் கூட்டிக்கொண்டே நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நோய் பட்டத சாமிக்குக் குடுக்க முடியாது. வேற சேவல் மாத்தி விடலாம், அதுக்கு வழக்கம் இருக்கு. ஆனா நான் சொல்ல முடியாது. நீங்களும் சொல்ல முடியாது. நேர்ந்தவ வாயால மாத்திக்கிறேன்னு வரணும்."

"அவங்க ஆஸ்பத்திரியில இருக்காங்க சாமி."

"போன் இருக்குதுல்ல மிஸ். சாமிக்கு அது போதும்."

நான் போனை எடுத்தேன். உங்களில் யாருக்காவது இப்படி ஒரு அழைப்பு வாய்க்குமானால், ஒன்றை மட்டும் செய்யுங்கள்: எண்ணை அழுத்துவதற்கு முன், நீங்கள் கேட்கப்போவது என்ன என்பதை ஒரே வாக்கியமாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வளைத்துப் பேசினால் கேட்பவர் அதைவிடப் பெரிய கெட்ட செய்திக்குத் தயாராகிவிடுவார்.

"சொல்லுங்க மிஸ்." பூசாரிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பின்னணியில் யாரோ மலாயில் ஒரு பெயரை அழைத்துக்கொண்டிருந்தார்கள். "இப்பதான் உள்ள கொண்டு போனாங்க."

"அக்கா, நீங்க நேர்ந்துவிட்ட சேவலுக்குக் கழிச்சல் வந்திருச்சு. இன்னிக்கே அதக் கொன்னு புதைக்கணும். பூசாரி அண்ணன் வேற சேவல் மாத்தலாங்கிறாரு. நீங்க சொல்லணும்."

வார்டில் வண்டி உருளும் ஓசை கேட்டது.

"கோழிங்க?"

"கடைசி வீட்டுல செத்துருக்கு. உங்களோடது நல்லா இருக்கு. லெட்சுமி அக்கா வீட்டுக் குஞ்சுங்களுக்கு இன்னும் வரல. சேவல் அங்கதான் சுத்துது."

"இன்னிக்கு ஒரு நாள் விடுங்க மிஸ். கால எடுத்து முடிக்கட்டும். நாளைக்கு நானே வந்து பிடிச்சுக் குடுக்கறேன்."

இந்த இடத்தில்தான் ஒரு பணியாளர் தனியாக நிற்கிறார். உங்கள் மேலதிகாரி, உங்கள் பயிற்சி எல்லாம் பின்னால் தங்கிவிடும். நான் இடைவழி ஒன்றைத் தேடினேன்.

"ஒரு கூடைய போட்டு மூடி வைக்கலாமா அக்கா? நாளைக்குப் பாத்துக்கலாம்."

"விட்டத அடைச்சா அது விட்டதாகுமா மிஸ்?" அவர் குரல் உயரவே இல்லை. "அடைக்கிறதுக்கு மாத்துறதே மேல்."

அப்படியானால் இரண்டே வழிகள். ஒரு நாள் அந்தச் சேவலைத் திரிய விடுவது, அல்லது இப்போதே அவரை மாற்றிக்கொள்ளச் சொல்வது. ஒரு நாளில் அது எத்தனை தட்டில் தண்ணீர் குடிக்கும் என்று நான் பார்த்திருந்தேன். குஞ்சுகளை நம்பியிருந்த இரண்டு வீட்டுப் பெண்களும் பேசாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லியிருந்தால் அவர்களும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

"ஒரு நாள் முடியாது அக்கா," என்றேன்.

அவர் கேட்டார்: "எந்தச் சேவல மாத்துறது? என்னோடதெல்லாம் இன்னும் கூவக்கூட இல்ல."

லெட்சுமி அக்கா போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "என்னோடத எடுத்துக்க சரசு. கறுப்பு வால். மகன் கல்யாணத்துக்கு வச்சிருந்தேன். அவனுக்குப் பொண்ணே இன்னும் கிடைக்கல. நீ எடுத்துக்க."

அந்த முனையில் ஒரு சிறு சிரிப்பும் விம்மலும் சேர்ந்து வந்தன. பிறகு, பூசாரி கேட்கும்படி, சரசு அக்கா சொன்னார்:

"மாத்திக்கிறேன். சாமிகிட்ட சொல்லிடுங்க."

பூசாரி லயத்துக்கு வந்து நோய்ச் சேவலின் மஞ்சள் துணியை அவிழ்த்து, மருந்துத் தண்ணீரில் நனைத்துக் கோயில் வாசலில் போட்டார். கைகழுவிவிட்டு, நீரில் அலசிய புதுத் துணி ஒன்றைக் கறுப்பு வால் சேவலுக்குக் கட்டினார். நோய்பட்டதைக் கொல்ல யாரும் முன்வரவில்லை. யாரையும் கேட்பதும் நியாயமில்லை. நானே செய்தேன். குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினோம். புதுச் சேவலை மட்டும், நோய் அடங்கும்வரை கோயில் முற்றத்தில் பூசாரியே காவலிருந்து மேய்த்தார். சாமியின் எல்லைக்குள் இருந்தால் அது அடைத்ததாகாது என்றார். அந்த வழி எனக்குத் தோன்றவில்லை. நோய்பட்ட சேவலுக்கு அது உதவியிருக்குமா என்று பின்னர் பலமுறை எண்ணியிருக்கிறேன். அன்று குஞ்சுகளின் தட்டைத் தேடி லயத்துக்கே அது திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. உதவியிருக்காது என்றே நினைக்கிறேன்.

கடைசி வீட்டில் ஒரு கோழியும் மிஞ்சவில்லை. மற்ற வீடுகள் தப்பின. லெட்சுமி அக்காவின் குஞ்சுகள் தீபாவளிக்கு விலைபோயின. அலுவலகத்தில் இதை வெற்றி என்று பேசினார்கள். நோய் ஒரே வீட்டோடு நின்றதற்கு அந்த வட்டாரத்தில் அதற்குமுன் எடுத்துக்காட்டு இல்லை என்பது உண்மைதான்.

ராமசாமி அண்ணன் ஒற்றைக் காலோடு வீடு வந்தார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சரசு அக்கா தூவும் இரையைக் கோழிகள் கொத்துவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். "மிஸ், எனக்கு ஒரு கால் போச்சு. இதுங்களுக்கு ரெண்டு காலும் இருந்தும் ஒரு இடத்துல நிக்குதா பாருங்க," என்று ஒருமுறை சொன்னார். சில வாரங்களில் காய்ச்சல் கண்டது. புண்ணின் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். இரண்டாம் முறை ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை.

துக்கத்துக்குப் போயிருந்தபோது, உறவுக்காரப் பெண் ஒருத்தி பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"சாமி சேவலப் பிடிச்ச மிஸ் இவங்கதான்."

சரசு அக்காவும் அதைக் கேட்டிருப்பார். அவர் தலை நிமிரவில்லை.

அதன்பின் கேரித்தீவுக்குப் போகும் ஒவ்வொரு முறையும், எங்கள் தலைவர் சொன்ன ஒழுங்கை மாற்றி, முதலில் சரசு அக்கா வீட்டுக்குத்தான் போனேன். கோழிகளிடம் போகும்போது நோய் உள்ள இடம் கடைசி. மனிதர்களிடம் போகும்போது அது முதல். அவர் என்னை உட்காரச் சொல்வார், வரக்காப்பி தருவார். அடைக்கு வைத்த முட்டை எத்தனை பொரித்தது என்பதைப் பேசுவார். அன்றைய நாளைப்பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. நானாகத் தொடங்கவுமில்லை. விளக்கம் சொல்வது என் சுமையை இறக்கும், அவர் சுமையை ஏற்றும் என்று எண்ணினேன்.

கறுப்பு வால் சேவலும் அங்கேயே இருந்தது. பூசை நாள் வந்தது, போனது. பூசாரி அதைக் கேட்கவில்லை, சரசு அக்கா கொடுக்கவுமில்லை. கேட்டது கிடைக்காத நேர்த்திக்கடனை எப்படி முடிப்பது என்று அந்த லயத்தில் யாருக்கும் தெரியவில்லை. அது பாட்டுக்கு ஐந்து வீட்டிலும் நுழைந்து தின்று கொழுத்தது.

ஓய்வு பெறுவதற்கு முன் நான் அங்கே கடைசியாகப் போனது சொட்டு மருந்து விடும் நாள். பெண்கள் கோழிகளைப் பிடித்துப் பிடித்துத் தந்தார்கள். எல்லாம் முடிந்து புட்டியை மூடப்போனேன். சரசு அக்கா குனிந்து, முற்றத்தைக் கடந்துகொண்டிருந்த கறுப்பு வாலைச் சட்டென்று பிடித்து, இறக்கைகளைச் சேர்த்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

லெட்சுமி அக்கா பதறிவிட்டார். "அடியே சரசு, என்ன பண்ற? அதத் தொடலாமா?"

"பாவம்னா எனக்கே இருக்கட்டும்," என்றார் சரசு அக்கா. "போடுங்க மிஸ்."

சேவலின் கண்ணில் ஒரு சொட்டு விட்டேன். அது உள்ளே இறங்கும்வரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். நாங்கள் இருவரும் அதன் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அன்னிக்கு ஒரு நாள் கேட்டேனே மிஸ்," என்றார் அவர்.

இதற்காக ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த விடையைச் சொன்னேன். "அண்ணன் போனதுக்கும் சேவலுக்கும் சம்பந்தம் இல்ல அக்கா. ஒரு நாள் விட்டிருந்தாலும்..."

"அது எனக்குத் தெரியாதா மிஸ்? அவருக்கு ஒடம்பு முழுக்கச் சக்கரை." அவர் சேவலின் கழுத்தை ஒரு விரலால் நீவினார். "கோழிங்க பொழைக்கணும்னு நீங்க சொன்னதும் சரிதான். இந்தக் குஞ்சுங்க எல்லாம் இன்னிக்கு இருக்குதுன்னா அதனாலதான். நான் கேட்டது வேற. அவர உள்ள கொண்டு போய்ட்டாங்க. எனக்குப் பேச ஆளில்ல. அந்தச் சேவல் நம்ம லயத்துல நடந்துக்கிட்டு இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டுத்தான் அந்த நாற்காலியில உக்காந்திருந்தேன்."

அன்றைக்கு எடுத்த முடிவை இன்றைக்கும் அப்படியேதான் எடுப்பேன். ஐந்து வீட்டுக் கோழிகளையும் குஞ்சுகளையும் ஒரு தட்டில் வைத்து நிறுத்தபோது, மறுதட்டில் ஒரு சேவல் இருப்பதாகவே எண்ணியிருந்தேன். அங்கே உட்கார்ந்திருந்தவர் சரசு அக்கா. உங்களுக்கு அப்படி ஒரு நாள் வரும்போது, முடியாது என்று நீங்கள் சொல்ல நேரலாம். சொல்லுங்கள். சொல்லிவிட்டு, போனை வைக்காதீர்கள். அறுவை முடியும்வரை பேசிக்கொண்டிருங்கள், அல்லது பஸ் ஏறிப் போய் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காருங்கள். குழியை மற்றவர்கள் மூடிக்கொள்வார்கள்.

சேவல் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தது.

"எறங்கிருச்சா மிஸ்?"

"எறங்கிருச்சு அக்கா."

சரசு அக்கா அதைத் தரையில் விட்டார். இறக்கையை உதறிக்கொண்டு, காலில் வெளுத்துப்போன மஞ்சள் துணியோடு, அது லெட்சுமி அக்காவின் அடுப்படிக்குள் நுழைந்தது. யாரும் விரட்டவில்லை.